எங்கள் ஒழுங்கையில் இரண்டு டிப்பர்: என்ன செய்யலாம்?

கிணற்றடி வீடு | சனி, இரவு 9.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளிநொச்சியில் இரணைமடுத் தண்ணீர் பாயும் ஒரு பழைய குடியேற்றத் திட்டத்தில் எங்கள் வீடு. பெரிய றோட்டிலிருந்து உள்ளே ஒரு ஒழுங்கை, அதில் நாலு வீடு. ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு வெறும் நிலம், அதில் பழைய பொதுக்கிணறு, பக்கத்தில் ஒரு வேம்பு. நாலு வீட்டு வாகனமும் அந்த வேம்பின் கீழேதான் நிற்கும். எங்கள் ஓட்டோ, முன்வீட்டு ஆசிரியரின் மோட்டார் சைக்கிள், மூன்றாம் வீட்டு லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்). இது உன் இடம், அது என் இடம் என்று யாரும் கோடு கீறவில்லை. கீற வேண்டிய தேவையும் வரவில்லை.

நாலாம் வீட்டுக்காரர் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு டிப்பர் எடுத்தார். பிறகு இன்னொன்று. அந்த இரண்டாவது டிப்பர் ஆவணி மாதம் எஞ்சின் பழுதாகி, மரக்கட்டையில் ஏற்றியபடி வேம்படியில் கிடக்கிறது. ஓடுகிற டிப்பர் ஒழுங்கையிலேயே நிற்கிறது, ஏனென்றால் மழைக்கு வேம்படி சேறு. ஒழுங்கை பன்னிரண்டு அடிதான். அது நின்றால் சைக்கிள் உருட்டிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். எங்கள் ஓட்டோ இப்போது ஆசிரியர் வீட்டு முற்றத்தில் நிற்கிறது.

இரவு பதினொரு மணிக்குச் சுத்தியல் அடி. கழிவு ஒயிலைக் கிணற்றிலிருந்து பத்தடி தள்ளி ஊற்றுகிறார்கள். வெள்ளிக்கிழமை என்றால் சவுண்ட் பொக்ஸ், கூட்டாளிமார், காலையில் எங்கள் படலையடியில் போத்தல். மனைவி ஒருநாள் போய்ச் சொன்னாள். "உங்கட அப்பன் வீட்டு றோட்டோ" என்று தொடங்கி, எழுத முடியாத வார்த்தைகள் வரை போனது.

போன கிழமை அப்பாவுக்கு நெஞ்சு நோ. அம்புலன்ஸ் இலக்கம் 1990க்கு அடித்தோம், அம்புலன்ஸ் வந்தது, ஒழுங்கை வாயில் நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சரில் வைத்து மழைக்குள் தூக்கிக்கொண்டு போனோம். அப்பா இப்போது நலம். ஆனால் அந்த இரவை என்னால் மறக்க முடியவில்லை.

இதில் சங்கடம் என்னவென்றால், இவர் எங்கிருந்தோ வந்தவர் இல்லை. 2009இல் செட்டிகுளம் முகாமில் எங்களுக்கு அடுத்த கூடாரம். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது தண்ணீர் வரிசையில் எங்கள் கானையும் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றவர். அதனால்தான் இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இனி முடியாது. பொலிசுக்குப் போவதா, வேறு வழி உண்டா?

பாலையடி | சனி, இரவு 10.05

ரயரில் காற்றை இறக்கிவிடுங்கள் அண்ணை. பத்து ரயர். நாலு நாள் தொடர்ந்து செய்தால் தானாகவே போய்விடும்.

கிணற்றடி வீடு | சனி, இரவு 10.11

காற்று இறங்கினால் டிப்பர் ஒழுங்கைக்குள்ளேயே கிடக்கும் தம்பி. யோசித்துத்தான் சொல்கிறீர்களா?

பாலையடி | சனி, இரவு 10.12

அதுவும் சரிதான்.

டொரன்டோத் தம்பி | ஞாயிறு, காலை 6.30

இங்கே என்றால் மாநகர சபைக்கு ஒரு போன் அடித்தால் போதும், வந்து கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அபராதமும் வரும். நீங்கள் பிரதேச சபைக்கு ஏன் அறிவிக்கவில்லை? ஒரு கமராவும் பூட்டுங்கள், நான் காசு அனுப்புகிறேன்.

முறிகண்டிக் கச்சான் | ஞாயிறு, காலை 7.15

தம்பி, இங்கே பிரதேச சபையின் இழுவை வாகனத்தை இழுக்கவே இன்னொரு வாகனம் வேண்டும். பகிடி ஒரு பக்கம் கிடக்கட்டும். அந்த ஒழுங்கை சபையின் வீதிப் பதிவேட்டில் ஏறியிருந்தால்தான் சபைக்குக் கை நீட்டலாம். நாலு வீட்டு ஒழுங்கைகள் பல ஏறவே இல்லை. கிரவல் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டபோதுதான் எங்களுக்கே அது தெரிந்தது.

பழைய கிளாக்கர் | ஞாயிறு, காலை 9.20

நான் காணிப் பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். எல்லோரும் டிப்பரைப் பற்றியே கதைக்கிறீர்கள். முதல் கேள்வி வேறு: அந்த வெறும் நிலம் யாருடையது?

இரணைமடுவுக்குக் கீழே உள்ள குடியேற்றக் காணிகள் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிட்டிலோ அளிப்பிலோ கொடுபட்டவை. காணி வெட்டிக் கொடுக்கும்போது ஒரு துண்டுபடுத்தல் வரைபடம் கீறுவார்கள். அதில் றோட்டுக்கு இவ்வளவு, வாய்க்காலுக்கு இவ்வளவு, பொதுக்கிணற்றுக்கு இவ்வளவு என்று ஒதுக்கீடு இருக்கும். கிணற்றடி நிலம் அப்படி ஒதுக்கியதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இருந்தால் அது அரச காணி. அவருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

"முப்பது வருடமாக நாங்கள்தான் நிறுத்துகிறோம்" என்று யாரும் மார்தட்ட வேண்டாம். பத்து வருட ஆட்சி என்ற கதை தனியார் உறுதிக் காணிக்குத்தான். அரச காணியில் அது ஓடாது.

ஆகவே பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போய் அந்த வரைபடத்தின் பிரதியைக் கேளுங்கள். வாயால் கேட்டால் "பைல் பார்க்க வேணும், பிறகு வாங்கோ" என்பார்கள். நானே எத்தனையோ பேருக்கு அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும். கையில் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்க மறக்காதீர்கள்.

வழக்கில் தேய்ந்தவன் | ஞாயிறு, பகல் 1.45

ஐயா சொல்வது சரி. என் கதையையும் கேளுங்கள், துணுக்காய்ப் பக்கம். பக்கத்து வளவுக்காரர் பாதைக்குக் குறுக்கே கம்பி கட்டினார். வாய்ச்சண்டை முற்றி அடிதடி வரைக்கும் போனது. பொலிஸ் 66ஆம் பிரிவில் கொண்டுபோய்ப் போட்டது. 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்றச் சட்டத்தில் வருவது அது. காணித் தகராறால் சமாதானம் குலையப் போகிறது என்றால் நீதவான் தலையிடலாம். பொலிசும் போடலாம், பொலிஸ் அசையாவிட்டால் நாங்களே சத்தியக்கடதாசியோடு போடலாம். யார் ஆட்சியில் இருந்தார் என்பது மட்டுமில்லை, பாதை உரிமையும் அதற்குள் அடங்கும்.

விரைவான நடைமுறை என்றுதான் பெயர். எனக்கு ஒன்றரை வருடம் போனது. கட்டளை எனக்குச் சார்பாகத்தான் வந்தது. ஆனால் அது உரித்தைத் தீர்ப்பதில்லை. அவர் மாவட்ட நீதிமன்றத்தில் திரும்பவும் தொடங்கினார். இன்றைக்கும் ஒவ்வொரு தவணைக்கும் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போய்வருகிறோம், முன் சீட்டில் அவர், பின் சீட்டில் நான்.

வட்டக்கச்சி அக்கா | ஞாயிறு, மாலை 5.10

ஒருவரும் தம்பியின் மனைவியைப் பற்றிக் கதைக்கவில்லையே. டிப்பர் எங்கே நின்றாலும் பரவாயில்லை, அந்த வார்த்தைகளை விட்டுவிடலாமா?

நான் இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கிறவள். எங்கள் பக்கத்து வீட்டாரும் இப்படித்தான். முதலில் வேலி, பிறகு குப்பை, பிறகு தூஷணம். ஆம்பிளை இல்லாத வீடென்றால் அவர்களுக்கு வசதி. ஒரு கொப்பி எடுத்துத் திகதி, நேரம், என்ன நடந்தது, யார் பார்த்தது என்று எழுதத் தொடங்கினேன். ஆறு மாதம் எழுதினேன். பொலிசில் மகளிர் பிரிவுக்கு அதைக் கொண்டுபோன பிறகுதான் என்னை ஒரு ஆளாக மதித்தார்கள். அதற்கு முன் போன இரண்டு தரமும் "சொந்தக்காரர்தானே, சமாளிச்சுப் போங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள்.

இன்னொன்று. முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். தமிழும் அரச கரும மொழி, கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. வாசித்துப் பார்க்காத ஒன்றில் கையெழுத்து வைக்க வேண்டாம். என் முதல் முறைப்பாடு சிங்களத்தில் எழுதியிருந்தார்கள். பிறகு ஒருவரைக் கொண்டு வாசித்துப் பார்த்தால், வேலிச்சண்டை என்று ஒரே வரி.

கிணற்றடி வீடு | ஞாயிறு, இரவு 8.30

அக்கா, அந்த வார்த்தைதான் அவளுக்கும் ஆறவில்லை. கொப்பி இன்றைக்கே தொடங்குகிறோம். ஐயா, நாளைக்குக் காணிக் கிளை.

டிப்பர்க்காரன் | திங்கள், காலை 5.20

எனக்கு ஏசுவீர்கள் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். நானும் ஒரு டிப்பர் வைத்திருக்கிறவன், முல்லைத்தீவுப் பக்கம்.

இரவுச் சத்தம், தூஷணம், கிணற்றடியில் ஒயில், இதற்கெல்லாம் நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அவர் ஏன் டிப்பரை உள்ளே கொண்டுபோய் நிறுத்துகிறார் என்று யோசித்தீர்களா? பெரிய றோட்டில் விட்டால் விடியும்போது பற்றரி இருக்காது, டீசல் இருக்காது. அதைவிடப் பெரிய பயம் லீசிங், வாகனத்துக்குக் கடன் தந்த கம்பனி. இரண்டு மூன்று கட்டணம் பிந்தினால் ஆட்கள் வந்து றோட்டில் வைத்தே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். உள்ளே, வேறு வாகனம் போக முடியாத இடத்தில் நின்றால் தூக்க முடியாது. ஒன்று பழுதாகி ஆவணியிலிருந்து கட்டையில் நிற்கிறது என்றால் அதன் கட்டணத்தையும் ஓடுகிற டிப்பர்தான் உழைத்துக் கட்ட வேண்டும். மழை தொடங்கினால் மண் வேலையும் குறைவு. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வாகனங்களும் உதிரிப்பாகங்களும் எந்த விலைக்கு ஏறின என்று எங்களைக் கேளுங்கள்.

பகலில் ஓடினால்தான் காசு. அதனால் திருத்த வேலை இரவில். சரி என்று சொல்லவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பாலையடி | திங்கள், காலை 7.40

அப்படியென்றால் லீசிங்காரருக்கு ஒரு போன் அடித்து இடத்தைச் சொல்லிவிட்டால் முடிந்தது.

வட்டக்கச்சி அக்கா | திங்கள், காலை 8.02

சீ. முகாமில் தண்ணீர் வரிசையில் நின்ற மனுசனுக்கு அதைச் செய்வதா? உமக்கு எத்தனை வயது?

பாலையடி | திங்கள், காலை 8.15

பத்தொன்பது.

முறிகண்டிக் கச்சான் | திங்கள், காலை 8.40

அதுதானே பார்த்தேன்.

கிணற்றடி வீட்டு அண்ணை, பழைய ரயர் ஏதும் கிடக்கிறதா? டிப்பர் நிற்கிற இடத்தில் கட்டாயம் கிடக்கும். மழைத்தண்ணீர் தேங்கினால் நுளம்பு. நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்க 2007இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) வந்து பார்த்தால் வழக்குத்தான். கிணற்றடி ஒயிலையும் அவரிடமே காட்டலாம். பொக்சுக்கும் உயர் நீதிமன்றம் 2007இல் கட்டளை போட்டிருக்கிறது, இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று. மூன்றையும் ஒரே நாளில் இறக்கினால் ஆள் அடங்கிவிடுவார்.

பழைய கிளாக்கர் | திங்கள், காலை 10.30

எல்லாம் உள்ள சட்டங்கள்தான். ஆனால் ரயருக்காக அவரைப் பிடித்தால் ரயரை எடுப்பார், டிப்பரை எடுக்க மாட்டார், முகத்தையும் திருப்பிக்கொள்வார். கிணற்றுத் தண்ணீர் நாலு வீடும் பாவிப்பது என்பதால் ஒயிலை மட்டும் உடனே நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும்.

நான் சொல்வது மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. போர் முடிந்த பிறகு இந்தப் பக்கமும் இயங்குகிறது. பெரும்பாலும் சனி ஞாயிறில், பாடசாலை மண்டபம் மாதிரி ஒரு இடத்தில் கூடுவார்கள். ஊர்ப் பெரியவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மூன்று பேர் இருந்து கேட்பார்கள். சட்டத்தரணி வந்து வாதாடுகிற இடம் இல்லை அது. இணங்கினால் எழுதிக் கையெழுத்து. இணங்காவிட்டால் இணக்கமில்லை என்று ஒரு சான்றிதழ் தருவார்கள், அதோடு வழக்குக்குப் போகலாம். அரசு ஒரு தரப்பாக நிற்கும் பிணக்கை எடுக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் பிணக்கு அயலவர் இருவருக்கு இடையிலானது.

வரைபடம் கையில் வந்த பிறகு போங்கள், வெறுங்கையோடு வேண்டாம்.

டொரன்டோத் தம்பி | திங்கள், பகல் 11.50

கமரா?

கிணற்றடி வீடு | திங்கள், பகல் 12.10

வேண்டாம் தம்பி. கரண்ட் நின்றால் அதுவும் நிற்கும். நன்றி.

கிணற்றடி வீடு | ஒரு கிழமைக்குப் பிறகு, இரவு 9.00

கிராம சேவகரைக் கூட்டிக்கொண்டு ஒருக்கால் போய்க் கதைத்தேன். டிப்பர்க்காரன் எழுதியதை மனதில் வைத்துக்கொண்டு, "அண்ணை, லீசிங் பிரச்சினை ஏதும் இருக்கோ" என்றுதான் தொடங்கினேன். அதுதான் பிழைத்தது. மனுசன் வெட்கப்பட்டாரோ என்னவோ, "என்ர கடன் உமக்கேன்" என்று பாய்ந்துவிட்டார். கிராம சேவகர் தேத்தண்ணியும் குடிக்காமல் எழும்பி வந்துவிட்டார். தகவலறியும் விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது, பற்றுச்சீட்டும் வாங்கிவிட்டேன்.

டிப்பர்க்காரன் | இரவு 9.25

கிராம சேவகருக்கு முன்னால் கேட்டீர்களா? ஐயோ அண்ணை.

கிணற்றடி வீடு | மூன்று கிழமைக்குப் பிறகு, மாலை 6.45

வரைபடம் வந்தது. பழைய கிளாக்கர் ஐயா சொன்னபடியே கிணற்றடி நிலம் பொதுக்கிணற்று ஒதுக்கீடு. அதுவரை சந்தோசம்.

அடுத்ததை எழுதத்தான் கை கூசுகிறது. வரைபடத்தில் ஒழுங்கை இருபது அடி. இப்போது இருப்பது பன்னிரண்டு. எட்டு அடி எங்கே போனது? காணிக் கிளையிலிருந்து ஒருவர் வந்து நாடா பிடித்தார். ஆசிரியர் வீட்டுப் பக்கம் மூன்று அடி. எங்கள் பக்கம் ஐந்து அடி.

2010இல் திரும்பி வந்தபோது ஊர் முழுக்கப் பற்றை. எல்லைக்கல் ஒன்றும் கண்ணில் படவில்லை. பழைய வேலி எரிந்து போயிருந்தது. அப்பா குத்துமதிப்பாகக் கிளுவைக் கதியால் நட்டார். பிறகு அதில் பூவரசும் சேர்ந்தது. குத்துமதிப்பா, தெரிந்தே நட்டாரா என்று அப்பாவிடம் கேட்டேன். "அப்ப எல்லாரும் அப்பிடித்தான் நட்டவை" என்றார். அதற்கு மேல் கதைக்கவில்லை.

நாலாம் வீட்டுக்காரர் நாடா பிடிப்பதைத் தன் படலையில் சாய்ந்துகொண்டு பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. சிரித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வழக்கில் தேய்ந்தவன் | இரவு 7.30

நல்ல காலம், நீதிமன்றத்துக்குப் போகுமுன் இது தெரிந்தது. அம்புலன்ஸ் வரவில்லை என்று நீங்கள் சொல்ல, அவருடைய சட்டத்தரணி அந்த ஐந்து அடியைத் தூக்கி மேசையில் வைத்திருப்பார்.

வட்டக்கச்சி அக்கா | இரவு 8.10

வேலி தள்ளி இருந்தால் தூஷணம் சரியாகிவிடுமா? இரண்டையும் கலக்க வேண்டாம் தம்பி. வேலியைப் பின்னுக்கு எடும், வார்த்தைக்கும் கணக்குக் கேளும்.

பழைய கிளாக்கர் | இரவு 9.15

அக்கா சொல்வதுதான் சரி. மத்தியஸ்த சபைக்குப் போகும்போது வரைபடத்தை நீங்களே முதலில் எடுத்து வையுங்கள். அவர் எடுத்து வைக்கக் காத்திருக்க வேண்டாம்.

கிணற்றடி வீடு | இரண்டு மாதத்துக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 8.50

நிறையப் பேர் தனிமடலில் கேட்டதால் எழுதுகிறேன். மத்தியஸ்த சபையில் இரண்டு ஞாயிறு இருந்தோம். முதல் ஞாயிறு அவர் வரவில்லை. இரண்டாவதுக்கு மனைவியோடு வந்தார். நான் வரைபடத்தை விரித்து எங்கள் ஐந்து அடியைச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார்.

எழுதியது இதுதான். நாங்களும் ஆசிரியரும் வேலியைப் பழைய எல்லைக்கு எடுக்க வேண்டும். ஒழுங்கையில் எந்த வாகனமும் நிற்கக் கூடாது. ஓடுகிற டிப்பர் வேம்படியில் கிழக்கு ஓரமாக நிற்கும், சேற்றுக்கு நாலு வீடும் சேர்ந்து ஒரு லோட் கிரவல் போடும். ஏற்றிப் பறிக்கிற கூலி அவருடையது. பழுதானது தை முடிய முன் அவருடைய மைத்துனரின் வளவுக்குப் போக வேண்டும். ஒயில் பீப்பாவில். இரவு எட்டு மணிக்குப் பிறகு சுத்தியல் இல்லை, பத்துக்குப் பிறகு பொக்ஸ் இல்லை.

வார்த்தைக்கு மன்னிப்பு என்று எழுத அவர் சம்மதிக்கவில்லை. என் மனைவி எழும்பி, தன்னைச் சொன்ன வார்த்தையை அந்த மூன்று பெரியவர்களுக்கு முன்னால் அப்படியே திருப்பிச் சொன்னாள். மண்டபம் அடங்கிப்போனது. அவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அவருடைய மனைவி அழுதார். அது மன்னிப்பா என்று எனக்குத் தெரியாது. இவள் "போதும்" என்றாள்.

வட்டக்கச்சி அக்கா | இரவு 9.05

அவவுக்கு என் அன்பைச் சொல்லும்.

பாலையடி | இரவு 9.20

வேலி பிடுங்கியாச்சா அண்ணை? ஆள் வேணுமென்றால் நான் வாறன்.

கிணற்றடி வீடு | இரவு 9.48

நேற்றுத் தொடங்கினோம். கிளுவை லேசாக வந்துவிட்டது. பூவரசு பதினைந்து வருடத்து வேர், அலவாங்கு வளைந்ததுதான் மிச்சம். நாலு மணி போல அவர் டிப்பரைப் பின்பக்கமாக எடுத்துக்கொண்டு வந்து, ஒன்றும் கதைக்காமல் சங்கிலியை எறிந்தார். கட்டினேன். ஆறு மரம் இழுத்தார். ஏழாவதுக்குச் சங்கிலி அறுந்தது, அதோடு போய்விட்டார்.

முறிகண்டிக் கச்சான் | இரவு 9.55

கிணற்றுக் கட்டு தப்பியதா?

கிணற்றடி வீடு | இரவு 10.20

தப்பியது. பழுதான டிப்பர் இன்னும் கட்டையில்தான் நிற்கிறது, இழுத்துப்போக ஆள் பார்க்கிறாராம். ஓட்டோ இன்னும் ஆசிரியர் வீட்டு முற்றத்தில். போன வெள்ளி பொக்ஸ் பத்தரைக்கு நின்றது. கொப்பியில் எழுதினேன்.